என்னுடைய எதிர்க்கட்சிக்காரர்

1

கனடாவில் தேர்தல் நாளன்று யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஓசூரில் இதை வாசிக்கும் நண்பர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் உண்மை. ஒலிபெருக்கி கிடையாது. கரை வேட்டி கிடையாது. நூறு மீட்டர் தள்ளிப் பந்தல் போட்டு ஸ்லிப் எழுதித் தருகிறவர்கள் கிடையாது. நான் இருக்கும் விண்ட்ஸர் நகரில் சமீபத்தில் தேர்தல் நடந்தது. எங்கள் பகுதிக்கு ஒரு தேவாலயத்தின் கீழ்க்கூடம்தான் வாக்குச்சாவடி. கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள், சின்னப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் அங்கே காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவருக்குப் பூத் ஏஜெண்ட். எந்த ஊருக்குப் போனாலும் எதிர்க்கட்சியில் போய்ச் சேருவது என் ஜாதகம். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு வந்த முதல் தேர்தல் இது. என் ஓட்டையும் அங்கேயே போட்டேன். போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் இடது கை ஆள்காட்டி விரலை மைக்காக நீட்டினேன். மேசையில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, காயமா, பிளாஸ்திரி வேண்டுமா என்று கேட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. மதியம்தான் மானம் போனது. என் மனைவி செல்வி விடியற்காலையில் எழுந்து நாலு பேருக்குப் புளிசோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக் கொடுத்திருந்தாள். ஓசூர் பக்கத்தில் எங்கள் ஊரான மத்திகிரியில் பூத் ஏஜெண்டாக உட்காருகிறவன் தனக்கு மட்டும் சோறு கொண்டுபோக மாட்டான். எதிர்க்கட்சி ஏஜெண்டுக்கும் சேர்த்துத்தான் போகும். ஆனால் இங்கே மற்ற கட்சிகளிலிருந்து யாருமே வரவில்லை. நாற்காலிகள் காலியாகவே இருந்தன. சோறு வீணாகிறதே என்று தேர்தல் ஊழியர்களின் மேசையில் டப்பாக்களைக் கொண்டுபோய் வைத்தேன்.

மேற்பார்வையாளர் அம்மாள் என்னை ஓரமாக அழைத்து, கட்சிப் பிரதிநிதியிடமிருந்து ஒரு மிட்டாய்கூட வாங்கக்கூடாது, தயவுசெய்து காரில் வைத்துவிட்டு வாருங்கள் என்று மெல்லச் சொன்னார். பிறகு மேலிடத்துக்கு ஒரு போன் போட்டு விஷயத்தையும் தெரிவித்தார். நான் காரில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். மகள் தேன்மொழிக்கு போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, அதுக்குப் பேரு லஞ்சம்" என்றாள்.

லஞ்சம் இல்லை, பழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். யாருடைய பழக்கம் என்று கேட்டாள். அதைச் சொல்வதற்குள் அவளுக்கு வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

2

கிருஷ்ணப்பாவின் பழக்கம். அவரைப் பற்றிச் சொல்லாமல் மற்றது எதுவும் புரியாது.

மத்திகிரியில் எங்கள் வீதிக்கு ஓட்டுப் போடும் இடம் பள்ளிக்கூடத்தின் ஓர் அறை. அதில் ஒரு பெஞ்ச். இருபது வருடம், எத்தனையோ தேர்தல், அந்த பெஞ்சில் நானும் கிருஷ்ணப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் கட்சி ஆளும்போது நாங்கள் எதிர்க்கட்சி. நாங்கள் சேர்ந்த கூட்டணி வந்தபோது அவர் எதிர்க்கட்சி. கோட்டையில் ஆள் மாறும், பெஞ்ச் அதேதான்.

அவருடையது நிலம் வைத்திருந்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ். நிலத்தில் முக்கால்வாசியை லே-அவுட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள், மிச்சத்தில் ரோஜா போட்டிருந்தார்கள். அந்த ரோஜாத் தோட்டத்தில் என் அம்மா கூலிக்குப் பூப்பறித்தவள். அவர் வீட்டு வாசலைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. அந்த ஊரில் கிருஷ்ணப்பாவும் நானும் சமமாக உட்கார்ந்த ஒரே இடம் அந்த பெஞ்ச்தான்.

முதல் தேர்தலில் அவர் தன் டப்பாவை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை, நானும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த தேர்தலில் அவர் கட்சிக்காரர்கள் சோறு அனுப்ப மறந்துவிட்டார்கள். ஏஜெண்ட் எழுந்து போனால் பூத் போச்சு. மூன்று மணிக்கு மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நான் என் டப்பாவைத் திறந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். அதற்கடுத்த தேர்தலில் அவர் வீட்டம்மா எனக்கும் சேர்த்துக் களியும் அவரைக்காய்க் குழம்பும் கட்டி அனுப்பினார். எங்களைப் பார்த்து மற்ற பூத்களிலும் இது பழக்கமாகிவிட்டது. சட்டமன்றம் எங்கள் வீதிக்கு என்ன செய்தது என்று கேட்டால் நான் யோசிக்க வேண்டும். அந்த பெஞ்ச் செய்ததை யோசிக்காமல் சொல்வேன்.

அதற்காக விட்டுக்கொடுத்தோம் என்று நினைக்காதீர்கள். எல்லை ஊரில் ஒரு வசதி உண்டு. கர்நாடகத்தில் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு ஓட்டு, ஓசூரில் ஒரு ஓட்டு என்று வைத்திருப்பார்கள். இரண்டு மாநிலத்துக்கும் ஓட்டு வேறு வேறு நாளில் வரும், மையை மட்டும் அழித்துவிட்டால் போதும். ஒருமுறை செல்வியின் அண்ணனே அப்படி வந்து நின்றார். கிருஷ்ணப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்து அதிகாரியின் மேசையில் வைத்தார். ஒரு வாக்காளரை ஆட்சேபிக்க ஏஜெண்ட் கட்ட வேண்டிய தொகை அவ்வளவுதான். இவர் இப்போது கர்நாடகத்துக்காரர், விரலைப் பாருங்கள் என்றார். நகக்கண்ணில் மை இருந்தது. மைத்துனர் திரும்பிப் போனார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு ஒரு வருடம் தீபாவளி, பொங்கல் எதற்கும் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

அன்றைக்கு அவரோடு நான் சண்டை போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுப்பா. அத நீயும் நானும் பாக்கலன்னா யாரு பாப்பாங்க?"

தன் கட்சிக்காரர்களிடமும் அவர் இப்படித்தான். செத்துப்போன பெரியப்பா பெயரில் ஓட்டுப் போட வந்த சொந்தக்காரனைத் தெலுங்கில் திட்டி வெளியே துரத்தியதை என் கண்ணால் பார்த்தேன்.

இங்கே அரசியல் வகுப்பெடுக்கிறவர்கள் ஜனநாயகத்துக்கு அடிப்படை நம்பிக்கை என்கிறார்கள். நான் கற்றுக்கொண்டது வேறு. சந்தேகம்தான் அடிப்படை. ஆனால் சந்தேகப்படுகிறவன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், நாள் முழுக்க உட்கார வேண்டும். அந்தத் தேவாலயக் கூடத்தில் என்னைச் சந்தேகப்பட ஓர் ஆள் இல்லை. அவ்வளவு தனிமையை நான் இந்த நாட்டுப் பனிக்காலத்தில்கூட உணர்ந்ததில்லை.

3

நான் ஏன் ஊரை விட்டு வந்தேன் என்பது சிலருக்குத் தெரியும். வார்ப்படக் கம்பெனி ஒன்றில் வேலை. சங்கம் வைத்தோம், ஸ்ட்ரைக் செய்தோம், வெளியே தள்ளினார்கள். அப்போது எங்கள் கட்சி எதிர்க்கட்சி. கேட் முன்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினோம். ஆட்சி மாறட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று தலைவர்கள் சொன்னார்கள். நானும் மேடையேறி அதையே சொன்னேன், நம்பித்தான் சொன்னேன்.

ஆட்சி மாறியது. பட்டாசு வெடித்தோம். அப்புறம் மனு எடுத்துக்கொண்டு போனால், இப்போது நம்ம ஆட்சி, கம்பெனிக்காரர்களைப் பகைத்துக்கொள்ளக்கூடாது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். முன்னால் இருந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள், ஆனால் அவர்கள் உட்காரச் சொல்லவில்லை. நம் ஆட்கள் உட்காரச் சொல்லி டீ கொடுத்துச் சொன்னார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியும் என்னை உள்ளே விடவில்லை. செல்வி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, நான் பின்னால் வந்தேன்.

இதுவும் எல்லை ஊர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. பாலத்தில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் ஜூஜூவாடி செக்போஸ்ட் ஞாபகம் வரும். கார் உதிரிபாகக் கிடங்கில் எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. வாயே திறக்காமல் ஒரு ஷிஃப்டை ஓட்டிவிடலாம். சங்கம் உண்டு, கூட்டமும் உண்டு. ஆனால் என் ஆங்கிலம் கை தூக்கிப் பேச எழுவதற்குள் விவாதம் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும்.

ஓட்டு இல்லாமல் வரி மட்டும் கட்டிக்கொண்டு ஓர் ஊரில் இருப்பது எனக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டேன். உறுதிமொழி எடுத்த அன்று மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வலது கையைத் தூக்கிச் சொன்னேன். மன்னராட்சியைத் திட்டி நான் பேசாத தெருமுனை மத்திகிரியில் கிடையாது. பக்கத்தில் தேன்மொழி கொடி அசைத்துப் படம் பிடித்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிறகு தூதரகத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டை ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு நாட்டுக் குடியுரிமையை நம் சட்டம் ஒத்துக்கொள்ளாது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று போய்விடும்.

இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன் பேசினால் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரன் பேசினால் யார் கேட்பார்கள்? அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

4

புளிசோற்றுக் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று அந்த வாரக் கடைசியில் சீனுவைக் கூப்பிட்டேன். சீனு என் தோழன், ஒன்றாக அடி வாங்கியவன். ஸ்ட்ரைக்கில் என்னைப் போலீஸ் வேனில் ஏற்றியபோது சேலம் வரைக்கும் பைக்கில் பின்னாலேயே வந்தவன். இப்போது எங்கள் வார்டு கவுன்சிலர். சிரித்தான், நன்றாகவே சிரித்தான். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சொன்னான்.

"நீ ஒண்ணும் கவலப்படாத மாதேசு. ஓட்டர் லிஸ்ட்ல உன் பேர அழிய உடல. கணக்கெடுக்க வந்தாங்க, நீ ஊட்லதான் இருக்கறன்னு எழுதிக் குடுத்துட்டோம். போன எலெக்சன்லகூட உன் ஓட்டு நமக்குத்தான் உழுந்துச்சி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. போன தேர்தலில் நான் இங்கே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் மேல் இருந்தேன். யார் போட்டது என்று கேட்டேன். யாரோ நம் ஆள், பெயர் ஞாபகமில்லை என்றான். கிருஷ்ணப்பா எப்படி விட்டார் என்று கேட்டேன். அவருக்கு முட்டி ஆபரேஷன், வரவில்லை, அவர் இடத்தில் உட்கார்ந்தவன் போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை என்றான்.

சீனுவுக்கு அதில் கள்ளத்தனமே தெரியவில்லை. என் பெயரை அவன் பிரியமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறான். ஊரில் எனக்கு நிலம் இல்லை, அம்மா இல்லை, இருந்த வீட்டிலும் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். மிச்சம் அந்தப் பெயர்தான். அதை எடுத்துவிடு என்று நான் சொன்னதும் அவன் குரல் மாறிவிட்டது. நம்ம ஆள் போடாவிட்டால் அவர்கள் ஆள் போட்டுவிடுவான் என்றான். இந்த வாதத்தை நான் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன், எதிர்ப்பக்கத்திலிருந்து. என் தோழன் வாயிலிருந்து கேட்பது அன்றுதான் முதல்முறை.

நாங்கள் எதிர்க்கட்சியாக இருந்தபோது எங்களிடம் இருந்த ஒரே சொத்து, அவர்கள் செய்வதை நாங்கள் செய்ய மாட்டோம் என்பதுதான். ஆட்சிக்கு வருகிறவன் அதைத்தான் முதலில் செலவு செய்கிறான் போலிருக்கிறது. சீனு கெட்டவன் இல்லை. அவனைக் கேள்வி கேட்கப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

"அங்க ஒக்காந்துகினு எங்களுக்கு ஞாயம் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அந்த இரவு நான் சாப்பிடவில்லை. அடுத்த தேர்தலிலும் ஒருவன் நான்தான் மாதேஷ் என்று சொல்லி விரலை நீட்டுவான். அதைத் தடுக்க வேண்டுமென்றால், நான் இப்போது இந்தியன் இல்லை என்று நானே ஊரில் ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஊரில் பேச எனக்கு என்ன இருக்கிறது? சொல்லாமல் இருந்தால் என் பெயரில் திருட்டு ஓட்டு. இதில் எதைத் தின்று எதைத் துப்புவது என்று தெரியாமல் ஒரு வாரம் போனது.

5

நானே என் பெயரை நீக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தது. போனேன். இந்திய மொபைல் நம்பருக்கு ஓடிபி அனுப்புவோம் என்றது. என் பழைய நம்பர் இப்போது யாரிடமோ இருக்கிறது. நான்கு தடவை அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஓடிபி போயிருக்கும். தூதரகத்துக்குப் போன் போட்டேன். வீணை இசை வெகுநேரம் ஓடிய பிறகு ஒருவர் வந்து, இது எங்கள் துறை இல்லை, உங்கள் தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போங்கள் என்றார். நேரில் போக விசா எடுக்க வேண்டும். என் சொந்த ஊரில் என் பெயரை அடிக்க எனக்கு விசா.

தேன்மொழி விடுமுறைக்கு வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டாள். நான் சொன்னது பாதி புரிந்திருக்கும்.

"அந்த ஓட்டுனால யாருக்கும் ஒண்ணும் ஆகலையேப்பா. விட்டுடுங்க" என்றாள்.

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. வாக்குச்சாவடியில் யாரும் யாரையும் சந்தேகப்படாத நாட்டில் வளர்ந்த பிள்ளை. அவளுக்கு நல்ல ஊர் கிடைத்திருக்கிறது. அதற்காகத்தானே வந்தோம். ஆனால் என் பாதி வாழ்க்கையை அவளிடம் சொல்லிப் புரியவைக்க என்னிடம் எந்த மொழியும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. செல்வி நைட் டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் மூன்று பேர் இருந்தோம், நான் தனியாக இருந்தேன்.

6

கடைசியில் கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டேன். ஊரை விட்டு வந்த பிறகு அவரோடு பேசியதே இல்லை. பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

முட்டி எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். மாடி ஏற முடியவில்லை, மற்றபடி பரவாயில்லை என்றார். அவர் கட்சியைப் பற்றி அவரே திட்டினார், என் கட்சியைப் பற்றி அதைவிட ஒரு சுற்று அதிகமாகத் திட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தனை வருடத்தில் என்னோடு யாரும் அப்படிப் பேசவில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். என் பெயரில் யாரோ ஓட்டுப் போட்டதைச் சொன்னேன். அவர் தெலுங்கில் ஏதோ முனகினார். தான் அன்றைக்கு இல்லாமல் போனதற்குத் தன்னையே வைதுகொண்டார் என்று புரிந்தது. நீங்கள்தான் ஆட்சேபணை கொடுத்து என் பெயரை எடுக்க வேண்டும் என்றேன். நீ திரும்பி வந்தால் என்ன செய்வாய், மறுபடி சேர்க்க அலைய வேண்டுமே, வருகிற தேர்தல் வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன், என்னைத் தாண்டி எவனும் உன் பெயரில் போட மாட்டான் என்றார்.

"இல்லண்ணா" என்றேன். "நான் இப்ப இந்த நாட்டுக்காரன். எழுதிக் குடுத்துட்டேன். எனக்கு அங்க ஓட்டுக் கிடையாது."

அவருக்குப் பின்னால் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்பிடின்னா பேரு இருக்கக்கூடாதுப்பா" என்றார். "எடுத்துடறன்."

ஏன் போனாய் என்று கேட்கவில்லை. உன் கட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டாயா என்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டார். எனக்கு ஒருபக்கம் பாரம் இறங்கியது, இன்னொரு பக்கம் பொல்லாத கோபம் வந்தது, அவர் கொஞ்சம் வாதாடியிருக்கலாம் என்று. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்பவரிடம் வேறு என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சில வாரம் கழித்து, கிடங்கில் டீ இடைவேளையில், அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. லாரிகளுக்கு நடுவில் நின்று காதில் வைத்துக் கேட்டேன்.

"மாதேசு, பேர எடுத்தாச்சி. நானே தாலுகா ஆபீசுக்குப் போயி, படியேறி, எழுதிக் குடுத்துட்டு வந்தன். அந்த பாரத்துல காரணம் கேக்கறாங்கப்பா. இந்தியர் அல்லன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுலதான் டிக் அடிக்கணும், எனக்குத் தெரியும். பேனாவ வச்சிகினு ஒக்காந்திருந்தன். கை வரல. வீடு மாறிட்டாருன்னு போட்டுட்டன்."

அவ்வளவுதான் செய்தி. நான் அதை இரண்டாவது தடவை கேட்பதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது.

தெரிந்தே கிருஷ்ணப்பா பொய் எழுதி நான் அறிந்தது இது ஒன்றுதான். அதை ஆட்சேபிக்க வேண்டியவன் நான். ஆட்சேபிக்கவில்லை.